தொம்மலூர்த் தட்டில் ஒரு கீறல்

கீழே தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஸ்ஸ்ஸென்று நீளமாக ஒரு சீறல். அதன் மேல் சடசடவென்று பொடி வெடிப்புகள். துடைப்பத்தால் ஓர் இழுப்பு. அப்புறம் அமைதி. இந்தக் கட்டடத்தின் மாடியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து நான் செய்த வேலையை, கீழே நின்றபடியே சாப்பிடும் அந்த தர்ஷினி ஹோட்டலில் ஒருவர் மூன்று நொடியில் ஒரு துடைப்பத்தால் செய்து முடித்துவிடுகிறார். கல் சுத்தமாக இருக்கிறதா என்று யாரும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதில்லை. அடுத்த தோசை வந்தால் போதும்.

பழைய இசைத்தட்டுகளை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றுவதும், ஏற்றும்போது அவற்றின் இரைச்சலையும் சடசடப்பையும் கீறலையும் எடுப்பதும் என் வேலையாக இருந்தது. திங்கட்கிழமை முதல் அது உங்கள் மூவரின் வேலை. ஐம்பத்திரண்டு வயதிலேயே நான் நாற்காலியை விட்டு எழுவதன் காரணம் உங்களுக்குத் தெரியும். நாகரிகம் கருதிக் கேட்காமல் இருக்கிறீர்கள். என் வலது காதில் ஒரு சீறல் குடிவந்திருக்கிறது. காது டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை எடுக்க முடியாது, பழகிக்கணும்" என்றார். இதே வாக்கியத்தை, இதே முகத்தோடு, எத்தனை பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்! அவர் சொன்னபோதுதான் அது எவ்வளவு மட்டமான வாக்கியம் என்று தெரிந்தது.

எந்த மென்பொருளில் எந்தப் பொத்தான் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சு வேண்டாம். மெஷின் சொல்லாத இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று சின்னது.

வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் பஜனைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அன்றுதான் வாங்கிய மென்பொருளிடம், சடசடப்பு எல்லாவற்றையும் எடு என்றேன். அது விசுவாசமாக எடுத்தது. அவர் வந்தார், ஹெட்ஃபோனை மாட்டினார், கண்ணை மூடித் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் தலை நின்றது. கண் திறந்தது.

"எல்லாம் பளிச்சுனு இருக்குது சார். ஜால்ரா எங்க?"

மெஷினுக்கு ஜால்ராவும் கீறலும் ஒன்றுதான். இரண்டும் திடீரென்று வரும், கூர்மையாக வரும், உடனே போகும். நான் ஒரு பஜனை மடத்தையே கைகட்டி உட்காரவைத்திருந்தேன். எடுக்கக் கூடாததை எடுக்காதே என்று அன்று கற்றுக்கொண்டேன். முழுப் பாடமும் அவ்வளவுதான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டும் இருந்தேன். மனிதன் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டதும் செய்கிற முதல் காரியம், அடுத்த பாடம் தனக்குத் தேவையில்லை என்று முடிவு கட்டுவதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மத்தியானம், பிலோமினா அக்கா படியேறி வந்தார். எழுபதை நெருங்கும் வயது. கண்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். படிகளை எண்ணிக்கொண்டே ஏறியவர்போல, வந்ததும் "பத்தொம்பது" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பின்னாலேயே துணிப்பையோடு அவர் கணவர், ஆரோக்கியம் அண்ணன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வாரம் ஆறு நாள் இரும்பைத் தேய்த்தவர். ஏழாம் நாள் கோயிலில் ஆர்கன் வாசித்தவர். பையில் ஒரே இசைத்தட்டின் மூன்று பிரதிகள் இருந்தன: ஒன்று அவர்கள் வீட்டுடையது, இரண்டு தெரிந்தவர்களிடம் வாங்கியவை.

அவர்கள் பங்குக் கோயிலின் தமிழ்ப் பாடற்குழு, எல்லோரும் இருபதுகளில் இருந்தபோது, கோயிலுக்குள்ளேயே பாடிப் பதிவு செய்த தட்டு அது. நாற்பதோ ஐம்பதோ பிரதி அடித்து வீடுவீடாகக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழுவுக்குப் பொன்விழா. ஹாலில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். இப்படி மூன்று பிரதி கிடைத்தால் நமக்குக் கொண்டாட்டம் என்று உங்களுக்குத் தெரியும்: ஒன்றில் அடிபட்ட இடம் இன்னொன்றில் நன்றாக இருக்கும், நல்ல இடங்களைப் பொறுக்கி ஒட்டிவிடலாம்.

"மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும் தம்பி," என்றார் அக்கா. "ரெண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு, ரெண்டாவது சரணம். அந்த ஒரு இடத்தை மட்டும் நல்லாத் துடைச்சுக் குடு. அங்க என்ன இருக்குன்னு எனக்குக் கேக்கணும்."

"என்ன இருக்கு அக்கா?"

"என் தப்பு இருக்கு. ஆர்கன் தனியா வாசிச்சு முடிக்கணும், அப்புறம்தான் நான் எடுக்கணும். நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே எடுத்துட்டேன். திருப்பி எடுக்க டேப்பும் இல்ல, கரண்டும் போயிடுச்சு. அது போகட்டும். தப்பு யாருக்குத்தான் வராது. ஆனா நான் எடுத்ததும் பின்னாடி யாரோ சிரிச்சாங்க."

"விடு பிலோ, இப்ப எதுக்கு," என்றார் அண்ணன், பையின் வாயை மடித்துக்கொண்டே.

"யாரோன்னா, ஸ்டெல்லாதான். என் சிநேகிதி. எனக்குப் பின்னாடி நின்னவ. எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறவ. 'நான் இல்லடி'ன்னு மாதா மேல சத்தியம் பண்ணா. இவ்வளவு அவசரமா சத்தியம் பண்றவதான் சிரிச்சிருப்பான்னு நான் முடிவு பண்ணேன். அன்னைக்கோட பேச்சு நின்னுது. அவ கல்யாணத்துக்கு நான் போகல, என் கல்யாணத்துக்கு அவளக் கூப்பிடல. இப்ப ஹெப்பகோடியில மகன் வீட்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை வரா. மேடையில எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல நாற்காலி போட்டிருக்காங்க, ஒண்ணும் தெரியாத பசங்க. கேட்டுட்டு உக்காரலாம்னுதான்."

தட்டை ஓடவிட்டேன். அக்காவின் இளம் குரல், ஈரத்துணியை உதறியது போல் விரிந்த குரல். இரண்டாவது சரணம் வந்தது. சரக். ஒரு சுற்று. சரக். இன்னொரு சுற்று. ஏழு தரம் வந்து ஓய்ந்தது. கீழே இருக்கும் பாட்டு, லாரி கடக்கும்போது தெருவில் பேசுகிறவன் வாய் அசைவதுபோல், இருந்தும் இல்லாமல் போனது. இரண்டாம் பிரதியைப் போட்டேன். அதே இடம், சரக். மூன்றாவது. அதே இடம்.

இங்கேதான் என் முதல் தவறு. கவனியுங்கள். தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து லென்ஸால் பார்க்க அரை நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை. மூன்றிலும் ஒரே இடம் என்றால் அச்சிலேயே கோளாறு. இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவனுக்கு லென்ஸ் எதற்கு?

"அச்சுக் கோளாறு அக்கா. பிறவிக் குறை. எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது, பழகிக்கணும்."

"அதையேதான் நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் ஆரோக்கியம் அண்ணன், என்னை மிகுந்த மரியாதையோடு பார்த்து. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை நான்காவது பிரதி வந்தது. பழைய தட்டு வைத்திருப்பவர்கள் தரலாம் என்று கோயிலில் சொன்ன அறிவிப்பைக் கேட்டுத் தொம்மலூரில் ஒரு குடும்பம் கொடுத்தனுப்பியது. அவர்கள் வீட்டில் இசைத்தட்டுப் பெட்டியே இருந்ததில்லையாம். பரிசாக வந்ததை பீரோ மேல் வைத்தவர்கள் அங்கேயே வைத்திருக்கிறார்கள். ஒருமுறைகூட ஓடாத தட்டு. ஒரு தட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. அக்காவுக்குப் போன் செய்து, தொம்மலூரிலிருந்து ஒன்று வந்திருக்கிறது, பார்க்கிறேன் என்றேன். ஓடவிட்டேன். இரண்டாவது சரணம் வந்தது. கீறலைக் காணோம்.

அச்சுக் கோளாறு என்றால் நான்கிலும் இருக்க வேண்டும். அப்போதுதான், வெட்கத்தோடு, மற்ற மூன்றையும் லென்ஸுக்குக் கீழே வைத்தேன். விபத்தாக விழும் கீறல் வழி தெரியாதது. தட்டின் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். இது கோடுகளின் வளைவோடேயே வளைந்து போயிருந்தது. விரல் நீளம், நூல் அகலம், ஓரமெல்லாம் ஒரே சீர். தட்டை ஓட்டும் முள்ளுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. இது கையின் வேலை, அதுவும் வேலை தெரிந்த கை.

பிறகு அந்த இடத்தைக் கேட்டேன். ஆர்கன் தனியாகப் போகிறது. அக்கா ஒரு சொல்லின் பாதியை முன்கூட்டியே விட்டுவிட்டு விழுங்குகிறார். உடனே மூக்கால் ஒரு சிரிப்பு, அடக்கப்பார்த்து அடங்காதது. ஆண் குரல் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், சிரிப்புக்கு அவ்வளவு நீளம் இல்லை. ஆனால் ஆர்கன் எந்தக் காதில் கேட்டதோ அதே காதில்தான் சிரிப்பும் கேட்டது. சிரிப்பு வந்த அதே கணம் ஆர்கனில் ஒரு கட்டையிலிருந்து விரல் வழுக்கியது.

வெள்ளிக்கிழமை காலை ஆரோக்கியம் அண்ணன் தனியாக வந்தார். பை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தத் தொம்மலூர் தட்டு... சும்னே, சும்மாத்தான் கேட்டேன் தம்பி. அதுலயும் அப்படித்தானே?"

தட்டை ஓடவிட்டேன். நின்றபடியே கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். அதுவும் முடிந்ததும் உட்கார்ந்தார்.

"நான்தான். அப்ப சின்ன வயசு."

"எதுக்கு அண்ணே சிரிச்சீங்க?"

"எதுக்குன்னா? தப்பே பண்ணாத பொண்ணு தம்பி அது. மொத தடவையா ஒண்ணு பண்ணுச்சு. பண்ணிட்டு நாக்கைக் கடிச்சிக்கிச்சு. கேலி இல்ல. நல்லா இருந்துச்சு பாக்க. சிரிப்பு வந்துடுச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள ஸ்டெல்லாகிட்ட பேச்சை நிறுத்திட்டா. எனக்கு பயமாயிடுச்சு. அப்புறம் எங்க ரெண்டு வீட்லயும் சம்பந்தம் பேசினாங்க. அந்த நேரத்துல போய் இதையா சொல்லுவாங்க? அப்புறம் நாப்பது வருஷம் ஆயிடுச்சு."

தட்டுகள் அச்சாகி அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கின்றன. ஸ்கூட்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் வீடுவீடாகக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. ஒரு வாரம் எடுத்துக்கொண்டாராம். "ஜீரோ எமரித் தாள், உப்புத்தாள்லயே ரொம்ப நைசானது, மெல்லிசா நறுக்கி. குறுக்க தேய்ச்சா அசிங்கமாத் தெரியும். கோட்டோடயே தேய்ச்சேன். தொம்மலூர்க்காரர் மட்டும் பங்குச் சாமியார்கிட்டயே நேரா வாங்கிட்டுப் போயிட்டார்."

"சுத்தமான வேலை அண்ணே," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. அவரும் பாராட்டுக் கிடைக்காத தொழிலில் இருந்தவர்.

பிறகு கேட்டார்: "ஒரு கீறலை எடுக்கத் தெரிஞ்சவருக்கு, வைக்கத் தெரியாதா?"

"அண்ணே, அது..."

"திட்டினா தாங்கிக்குவேன் தம்பி. அவ திட்டமாட்டா. பேச்சை நிறுத்திடுவா. ஸ்டெல்லாகிட்ட நிறுத்துனதைப் பாத்தேன் இல்ல? எங்க வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு."

இங்கே உங்களில் யாராக இருந்தாலும் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்ல பதில் சொல்வீர்கள். இப்போது இந்த அறையில் அவர் இல்லையே. நான் அமைதியை விற்றுப் பிழைத்தவன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு வீட்டு அமைதிக்கு நடுங்கிக்கொண்டிருந்தார். தான் சிரிக்காத சிரிப்புக்காக நாற்பது வருஷம் தண்டனை அனுபவித்த ஒரு பெண்ணும் ஹெப்பகோடியில் இருக்கிறார் என்பது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் அவர் என் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. நம் தொழிலிலும் வெளியிலும், எதிரே இருப்பவர் சொல்வதுதான் சத்தமாகக் கேட்கிறது.

கால் மணி நேரம்தான் ஆயிற்று. மூன்று பிரதிகளில் எந்தக் கீறல் தெளிவானதோ அதை எடுத்தேன். ஏழு சுற்றையும் தனித்தனியாக வெட்டினேன், தொம்மலூர்த் தட்டின் சுத்தமான சரணத்தின் மேல் வைத்தேன், ஓரங்களைக் கரைத்தேன். சத்தத்தை எடுக்கும் வேலையில் என் பெயர் சொல்ல இத்தனை நேர்த்தியான ஒன்று இல்லை. ஒட்டு எங்கே என்று நானே தேடியும் கிடைக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய இடத்தில் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். அண்ணனிடம் பை திரும்ப வந்திருந்தது, கையும் அடங்கியிருந்தது. அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பார்வையைச் சுவரில் நிறுத்திக் கேட்டார். இரண்டாவது சரணம். சுவரைப் பார்த்தபடியே விரல்கள் மேஜையில் எண்ணின. ஏழும் முடிந்தது.

"அதுலயும் அதே கோளாறுதான் அக்கா," என்றேன், டாக்டர் முகத்தோடு.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"இது தொம்மலூர் தட்டா?"

"ஆமா அக்கா."

"நாலாவது சரக் ரெட்டையா வருது. சரசரக்னு."

நான் திரையில் நாலாவது சரக்கைத் தேடினேன்.

"எங்க வீட்டுத் தட்டுலதான் தம்பி நாலாவது ரெட்டையா வரும். நாப்பது வருஷமா கேக்கிறேன், பாட்டு மறந்தாலும் அது மறக்காது. நீ மத்த ரெண்டையும் போட்டப்பகூட பாத்தேன், அதுல அப்படி வரல." குரல் உயரவே இல்லை. கடைசி பெஞ்சுக்காரனின் விடைத்தாளைப் பக்கத்துப் பையனின் தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் குரல். "எங்க வீட்டுக் கீறல் எப்படிப்பா தொம்மலூர் போச்சு?"

ஒட்டைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒட்டினேன். எதை ஒட்டினேன் என்பதை மறந்துபோனேன். அவரவர் கீறல் அவரவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன்தான் பேசினார். "தம்பி. அந்த நெஜத்தைப் போடு."

போட்டேன். அக்கா ஒருமுறை கேட்டார். இடது காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தூக்கிவிட்டு ஒருமுறை. வலது காதிலிருந்து தூக்கிவிட்டு ஒருமுறை. பிறகு எனக்கா சுவருக்கா என்று தெரியாதபடி சொன்னார்: "மத்த குரலெல்லாம் அந்தக் காதுல. ஸ்டெல்லாவும் அந்தப் பக்கம்தான் நின்னா. இந்தக் காதுல ஆர்கனும் அந்தச் சிரிப்பும் மட்டும்தான்."

நம் அறையின் சுவர்களுக்கு எவ்வளவு செலவழித்துப் பஞ்சு அடைத்திருக்கிறோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வோமே, அந்த அமைதி அன்று முழுதாக வேலை செய்தது. தோசைக்கல்கூடக் கேட்கவில்லை. அண்ணன் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பிலோ," என்றார்.

"பென்டிரைவ் இருக்கா தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டார். "அந்த ஒரு பாட்டைப் போட்டுக் குடு. கீறல் இல்லாதது. சத்தத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியா வை, ஸ்டெல்லாவுக்குக் காது மந்தம்னு கேள்வி."

நாற்பது வருஷம் பேசாதவரின் காதைப் பற்றி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஏற்றிக் கொடுத்தேன்.

நான் சொல்ல வந்த இரண்டாவது விஷயம் இதுதான். தட்டு அச்சான பிறகு அதன் மேல் வந்து விழுந்தது எல்லாம் நம்முடையது: தூசி, கீறல், பூஞ்சை, எமரித் தாள். தாராளமாக எடுங்கள். அன்று அந்த அறையில் இருந்தது எதுவும் நம்முடையது இல்லை. தப்பாக எடுத்த குரலும் இல்லை, சிரிப்பும் இல்லை. எடுக்கவும் நமக்கு உரிமை இல்லை, மேலே துணி போர்த்தவும் இல்லை. இதை ஒரு வரியில் சுவரில் எழுதி மாட்டலாம். மாட்டினால் எதிரே ஆள் வந்து உட்காரும்போது அவர் தலை மறைத்துவிடும்.

"குடையை எடுத்துக்கோ பிலோ, மழை வரும்," என்றார் அண்ணன். அக்கா குடையை எடுத்துக்கொண்டார், அவரைப் பார்க்கவில்லை. பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கதவைத் திறந்தார். கீழேயிருந்து தோசைக்கல்லின் சீறல் ஏறி வந்தது. ஒரு படி. இரண்டு. மூன்று. அண்ணன் பையோடு என் பக்கத்தில் நின்றார், கூடப் போவதா வேண்டாமா என்று தெரியாமல்.

நான்காவது படியில் அக்கா நின்றார். திரும்பி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஹெப்பகோடி போயிட்டு வரேன். நீங்க வீட்டுக்குப் போய் அரிசி களைஞ்சு வைங்க. ரெண்டு பேருக்கு இல்ல, மூணு பேருக்கு. வச்சுட்டு, நாங்க வர்றதுக்குள்ள எவ்வளவு சிரிக்கணுமோ சிரிச்சு முடிச்சிடுங்க."